அம்மாவின் பொட்டு

அமெரிக்கக் கல்லூரியில் எனக்கு ஜனவரியில்தான் இடம். முதல் செமஸ்டரை வேறொரு நாட்டில் முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, ஆல்பனி என்ற புறநகரில் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வீட்டில் தங்கினேன்.

தேர்வு நாட்களில் வீடியோ காலில் அப்பாவைக் கேட்டால், "வெளியே போயிருக்கார்டா, நீ படி" என்பாள் அம்மா. நெற்றியில் வழக்கமான பெரிய பொட்டு இருக்கும். நானும் நம்பினேன்.

கடைசித் தேர்வு முடிந்து வந்த என்னை ஆன்ட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "முதல் சாப்பிடு பிள்ளை. பிறகு அம்மாவோட கதைக்கலாம்."

அழைத்தேன். அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது.

"பரீட்சை முடியறவரைக்கும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பாதான்டா சொல்லிட்டுப் போனார்."

என் அழைப்புக்காக மட்டும் பொட்டு வைத்து, பேசியதும் துடைத்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும்.

ஜனவரியில் கல்லூரியில் சேர்ந்தேன். தேர்ச்சி பெற்றதை அப்பாவிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன்.