பெட்டி மிஸ்ஸும் உருண்டோடிய ஈரலும்

அறிவியலைச் சொல்லித் தருவதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதில்தான் எல்லாக் கஷ்டமும் இருக்கிறது. பலூன், பாட்டரி, லென்ஸ், சோப்புத் தண்ணீர் என்று கை நிறையச் சாமான்களோடு வகுப்புக்குள் நுழைந்து, முக்கியமான நேரத்தில் ஏதோ ஒன்று வேலை செய்யாமல் பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்த ஆசிரியப் பெருமக்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

நான் இராமநாதபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு தகரப் பெட்டிகளில் சோதனைச் சாமான்கள், ஒரு லேப்டாப், ஒரு ஸ்கூட்டர். நாளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு என் பேர் தெரியாது. பெட்டி மிஸ் என்றால் தெரியும்.

பஸ்ஸில் ஒரு பாதி மனிதர்

ஒருநாள் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அன்றைக்குச் செரிமான மண்டலம் நடத்தியாக வேண்டும். வேறு வழியில்லாமல் மனித உடல் மாடலைப் பஸ்ஸில் ஏற்றினேன். தலையிலிருந்து இடுப்பு வரை உள்ள பிளாஸ்டிக் உருவம் அது. வயிற்று மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கலாம். மூடியின் கொக்கி கொஞ்சம் லூஸ் என்று எனக்குத் தெரியும். கயிறு கட்டியிருந்தேன். பழைய கயிறு.

தேவிபட்டினம் தாண்டியதும் ஓர் ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஈரல் முதலில் கிளம்பி டிரைவர் சீட் வரைக்கும் உருண்டு போனது. பின்னாலேயே இரைப்பை. நுரையீரல் ஒன்று படிக்கட்டுப் பக்கம் போய் நின்றது. மிளகாய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா தன் காலடிக்கு வந்த குடலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஏத்தா, இதை முதல்ல வாங்கு, புள்ள பயப்படுது" என்றார். நான் சீட்டுக்குச் சீட்டுக் குனிந்து பொறுக்கினேன். பஸ்ஸே சேர்ந்து தேடியது. "சிவப்பா உருண்டையா இருக்கு, இதுவுமா?" என்று ஒருவர் நீட்டியதை வாங்கிப் பார்த்தேன். அது யாரோ வாங்கிப்போன மாதுளம்பழம்.

இறங்கும்போது கண்டக்டர் விசில் ஊதவில்லை. படியில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கங்கம்மா. கிட்னி ஒன்னு கொறைஞ்சா கேஸு எம்மேல வந்துரும்."

கண்ணாடி பீரோ

இராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அருமையான மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. நான் முதல்முறை போனபோது அது கண்ணாடி பீரோவுக்குள், தெர்மாகோல்கூடப் பிரிக்காமல் இருந்தது. பீரோவுக்குப் பூட்டு. சாவி தலைமை ஆசிரியையின் இடுப்பில். பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாடம் முடிந்தது.

அந்த டீச்சர் தங்கமான மனுஷி. போனதும் டீ வரும். பீரோ பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். "ஒடஞ்சா நான் பதில் சொல்லணும். புள்ளைகளுக்குப் புரியலைன்னா என்னைய யாரு கேக்கப் போறாக?" என்பார். ஒவ்வொரு தடவையும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் என்ன தோன்றியதோ, அவரே சாவியை எடுத்தார். மேசையை அசைக்கக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று ஆயிரம் நிபந்தனை. சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வெங்காயம் வாங்கி, தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு வைத்தேன். செங்கல் அடுக்கியது மாதிரி செல்கள் தெரிந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்து "யாத்தே" என்று நகர்ந்தார்கள். கடைசியில் டீச்சர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். நிமிரவே இல்லை. மணி அடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் பெட்டியைக் கட்டி முடித்தேன். குனிந்தபடியே அவர் கேட்டார்: "சாம்பாருக்கு வச்சதுல இன்னொரு வெங்காயம் எடுத்துட்டு வரச் சொல்லவா?"

வாலிநோக்கத்தில் ஒப்பீட்டுச் சோதனை

ஆவியாதல் நடத்த வாலிநோக்கத்தை விட்டால் வேறு ஊர் உண்டா? ஊரைச் சுற்றி உப்பளம், தலைக்கு மேலே வெயில். இரண்டு கறுப்புத் தட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றில் கடல் தண்ணீர், இன்னொன்றில் பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர். இரண்டையும் வெயிலில் வைத்தோம். மத்தியானம் வந்து பார்த்தால் முதல் தட்டில் உப்பு இருக்கும், இரண்டாவது வெறுந்தட்டாக இருக்கும் என்று கம்பீரமாக அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் இரண்டு தட்டிலும் வெள்ளை. இரண்டாவதில் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். யாரோ மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று நான் ஒரு நீதி விசாரணையே ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்புப் பாத்திமா எழுந்தாள். என்மேல் உண்மையாகவே இரக்கப்பட்ட குரலில் சொன்னாள்: "குழாத் தண்ணியில செஞ்சா இப்புடித்தான் மிஸ் வரும். உப்பு இல்லாம வேணும்னா சொல்லியிருந்தா கேன் தண்ணி கொண்டாந்திருப்போம்ல."

நீங்கள் மனிதர்தானா?

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டிஜிட்டல் பலகை வந்தது. அங்கே அறிவியல் எடுப்பவர் ஓய்வு பெறப்போகிற ஒரு சார். பலகையைக் கண்டு கொஞ்சம் பயம். ஆனால் அன்றைக்கு நானும் பக்கத்தில் இருப்பதால் தைரியமாகச் சூரியக் குடும்பத்தைத் திறக்கப்போனார். கோள்கள் சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யுங்கள் என்றது. சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தொட்டார். பலகை நம்பவில்லை. சிக்னல் விளக்கு உள்ள படங்களையெல்லாம் தொடு என்றது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விளக்கு மட்டும்தான் சிக்னல் என்றது ஒரு கட்சி. விளக்கு நிற்கிற கம்பமும் சிக்னல்தான் என்றது இன்னொரு கட்சி. சார் கம்பத்தையும் தொட்டார். தப்பு. அடுத்தது மாடிப்படி. எதிர்பாராத விதமாக அதில் நாங்கள் தேறினோம். ஆனாலும் பலகைக்குத் திருப்தி இல்லை. கடைசியாகத் தீயணைப்புக் குழாய் உள்ள படங்களைக் கேட்டது. ஏதோ வெளிநாட்டுத் தெருவில் சிவப்பாக, குட்டையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. "மைல்கல்லு சார்" என்றான் ஒருவன். "ஏலே, அது தபால்பெட்டி" என்றான் இன்னொருவன். யானை பார்த்த குருடர்களைப்போல ஆளாளுக்கு ஒன்று சொல்ல, நான் உட்பட யாருக்கும் எந்தப் படத்தைத் தொட வேண்டும் என்று தெரியவில்லை. பலகை கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. மணி அடித்துவிட்டது.

சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கோபமெல்லாம் இல்லை, சிரிப்புத்தான். "வேலையில சேர்ந்தப்ப சர்டிபிகேட் மட்டுந்தான் கேட்டாக டீச்சர்" என்றார். "மனுசன்தானான்னு இப்பத்தான் கேக்குறாக, அதுலயும் பெயில்."

பிரிட்ஜில் இருந்த பாடம்

இதயத்தின் அறைகளைப் படத்தில் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. நிஜத்தையே காட்டுவோம் என்று கறிக்கடையில் சொல்லிவைத்து, வெட்டாத முழு ஆட்டு இதயம் வாங்கி, டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். காலையில் டப்பா இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் சட்டி. என் வீட்டுக்காரருக்கு எப்போதாவது ஒருமுறை எனக்கு முன்னால் எழுந்து சமைக்க ஆசை வரும். அந்த நல்ல காலை அன்றைக்கென்று விடிந்திருந்தது.

நாலு அறையும், வால்வும், பெருந்தமனியும் பொடிப்பொடியாக வெங்காயத்தோடு வதங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தபடி நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மேல பாடம்னு எழுதி ஒட்டியிருக்கலாம்ல? நான் மிளகு வேற போட்டுட்டேன்."

சுண்டு விரல்

போன கல்வியாண்டின் கடைசியில் எங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்களுக்கு நிதி தருகிறவர்கள் சென்னையிலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறார்கள், ஒரே ஒரு வகுப்பைப் பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் பெட்டிகள் இன்னும் ஊர் சுற்றுமா அல்லது குடோனுக்குப் போகுமா என்று முடிவு செய்வார்கள் என்றார்கள். குடோனுக்கு என்றால் நானும் வீட்டுக்கு. தோற்கவே தோற்காத சோதனையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கைக்கடக்கமான ஒரு பாட்டரிக் குழல். இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லோரும் அவர்களோடு கைகோத்து வட்டமாக நின்றால் விளக்கு எரிந்து கீச்சென்று சத்தம் வரும். உடம்பில் உணரவே முடியாத அளவு மின்சாரம். ஒரு கை விலகினாலும் சத்தம் நின்றுவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். சென்னை மேடமும் லேப்டாப் வைத்த ஒரு தம்பியும் பெஞ்சில். சத்தம் வரவில்லை. பாட்டரியை மாற்றினேன். வரவில்லை. கை வியர்த்தால் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பதால் என் பக்கத்தில் எந்தக் குறையும் இருக்க வாய்ப்பில்லை. வட்டத்தை உடைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தேன். காளீஸ்வரி வரைக்கும் கீச்சென்றது. அவளுக்கு அடுத்து நின்ற முத்துமாரியைச் சேர்த்தால் ஊமையாகிவிட்டது. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். காளீஸ்வரி தன் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, அதன் மேலாக முத்துமாரியின் கையைப் பிடித்திருந்தாள். பொங்கலுக்கு அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பக்கத்துப் பிள்ளை என் காதில் ஓதினாள்.

"துணி வழியா மின்சாரம் போகாது" என்று பொதுவாக வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, காளீஸ்வரியைத்தான் பார்த்தார்கள். அவள் கூரையைப் பார்த்தாள். லேப்டாப் தம்பி மணி பார்த்தான். என் வேலை அந்தத் துப்பட்டா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை அவளிடம் எப்படிச் சொல்ல? கெஞ்சலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, துணிக்குள்ளிருந்து ஒரு சுண்டு விரல் மெல்ல வெளியே வந்தது. முத்துமாரி வேறு பக்கம் திரும்பியபடியே அதைத் தன் சுண்டு விரலால் கொக்கி போட்டாள். குழல் கீச்சென்று கத்தியது. வகுப்பு அதைவிடப் பெரிதாகக் கத்தியது. சென்னை மேடமும் எழுந்து வந்து வட்டத்துக்குள் கை நுழைத்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்களோ, பெட்டிகள் இன்னும் ஊர் சுற்றுகின்றன. அன்றைக்குக் கிளம்பும்போது அந்த மேடம் காளீஸ்வரியின் தோளைத் தட்டி, இனிமேல் இரண்டு பேரும் சிநேகிதிகள்தானே என்று கேட்டார். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னாள்: "சுண்டு விரல் மட்டுந்தான் மேடம். பேச்செல்லாம் இல்ல."

நான் போகிற எல்லா ஊரிலும் ஒரு பாடம் நடந்துதான் விடுகிறது, அது பெரும்பாலும் நான் நடத்தப்போன பாடமாக இருப்பதில்லை என்பதைப் பற்றி மட்டும் மேலிடத்தில் யாரும் இதுவரை கேட்கவில்லை.