ஊதிக் காட்டுங்க

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஃபிரிட்ஜ்காரர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மனைவி கதவைத் திறந்து முகத்தை நீட்டுவாள். "ம், ஊதிக் காட்டுங்க," என்பாள். அவர் ஊதுவார். அப்புறம்தான் வீடு அவருக்கு. அவர் குடியை விட்டபோது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்; இந்தச் சோதனை மட்டும் ஓயவில்லை. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. அந்த மூக்கை அவர் ஏமாற்றிய நாட்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஃபிரிட்ஜ், குளிர் அறை, ஐஸ் மெஷின் எல்லாம் பழுது பார்ப்பது அவர் தொழில். அந்தப் பெரிய நகரத்தில் ஐஸ் மெஷின்கள் மூச்சு விடாமல் ஓடுவது பார்களில்தான். அதுவும் இப்போதெல்லாம் இருக்கிற இடமே தெரியாத பார்கள். ஒன்றுக்கு சலூன் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இன்னொன்றுக்கு டெலிபோன் கூண்டுக்குள் நின்று பின்சுவரைத் தட்ட வேண்டும். லைசென்ஸையும் கையில் வைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். கண்டுபிடித்துவிட்ட பெருமைக்கே வருகிறவன் தாராளமாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறான். 'நான் பாட்டிலைத்தான் ஒளித்து வைத்தேன், இவர்கள் கடையையே ஒளித்து வைக்கிறார்கள்' என்று ஃபிரிட்ஜ்காரர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

பகலில் போவார். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும். பாட்டில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலையை முடித்துக் கிளம்பிவிடுவார். மனைவியிடம் மட்டும் ஏதோ கம்பெனிகளின் குளிர் அறை என்று சொல்லி வைத்திருந்தார். ஏனென்றால் அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள்: "இனிமே பார் வாசப்படி மிதிச்சீங்கன்னு தெரிஞ்சுது, நானும் புள்ளையும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம். திரும்பி வரமாட்டோம்." சொன்னதைச் செய்கிறவள் அவள். குடிக்கத்தான் மிதிக்கக் கூடாது, பழுது பார்க்க மிதிக்கலாம் என்று இவரே தனக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அன்றைக்குப் போனது ஒரு தையல் கடைக்குப் பின்னால் இருந்த பார். முன்னால் ஒரு தையல் மெஷின், கோட்டு மாட்டிய பொம்மை, கழுத்தில் டேப் தொங்க ஒரு டெய்லர். அந்த டெய்லருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. வாரத்துக்கு வாரம் மாறும் ரகசிய வார்த்தையைச் சொல்கிறவர்களுக்குப் பொம்மையின் கையை இழுப்பார், துணி அலமாரி கதவாகத் திறக்கும். சொல்லாதவர்களிடம் பார் என்றால் என்னவென்றே தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார். அதுதான் அவர் உத்தியோகம். உள்ளே போகிற எவரும் செல்போனை அவருடைய டிராயரில் விட்டுவிட வேண்டும். படம் பிடித்து ஊருக்கெல்லாம் வழி சொல்லிவிடக் கூடாதாம். ஃபிரிட்ஜ்காரரும் விட்டுவிட்டுத்தான் போனார்.

மெயினை அணைத்து, ஐஸ் மெஷினைப் பிரித்து மாட்டி, மறுபடி மெயினைப் போட்டார். விளக்கு வந்தது, மெஷின் ஓடியது. கரண்டில் திறக்கிற கதவுக்கு மட்டும் உயிர் வரவில்லை. உள்பக்கத்து ஸ்விட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். தட்டினார், கத்தினார். பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று பஞ்சு வைத்து அடைத்த சுவர், இவர் சத்தமா கேட்கப்போகிறது? மற்ற ஆட்கள் வரச் சாயங்காலம் ஆகும்.

அலமாரி முழுக்கப் பாட்டில்கள், கீழிருந்து விளக்குப் போட்டு. ஒரே ஒரு மடக்கு, யாருக்குத் தெரியும் என்று மனசு ஆரம்பித்தது. அவர் கண் பாட்டிலை விட்டு மெதுவாக நகர்ந்து, கிண்ணத்தில் கிடந்த புதினாக் கட்டின்மேல் போய் நின்றது. பாட்டிலைப் பார்த்ததுகூடப் பரவாயில்லை; வாடையை மறைக்கிற புதினாவைத் தேடிவிட்டதே இந்தக் கண் என்று சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கவுன்டரில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. வருகிறவர்கள் அழகுக்கு வைத்ததென்று நினைப்பார்கள், ஆனால் வேலை செய்யும். ரிசீவரை எடுத்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. நம்பரெல்லாம் செல்போனோடு டிராயரில் கிடக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான், மனைவியுடையது. அதைச் சுற்றினால் குடும்பம் போகும். சுற்றாவிட்டால் தானே குடியில் போய்விடுவோம் என்று பட்டது. சுற்றினார்.

"யாருங்க?"

"நான்தான்."

"இது என்ன புது நம்பரு? எங்க இருக்கீங்க?"

"ஒரு பாருக்குள்ள."

"குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. மெஷின் பாக்க வந்தேன், கதவு மாட்டிக்கிச்சு. குளிர் அறைன்னு சொன்னதெல்லாம் பொய்தான். எல்லாமே பார்தான். சுத்தியும் பாட்டிலா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போ."

"எங்கன்னு சொல்லுங்க."

சொன்னார். போன் வைக்கப்பட்டது. அவள் இங்கே வருகிறாளா, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறாளா என்று தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

தையல் கடையில் நடந்தது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மனைவி வந்து, "உள்ள பார்ல என் வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு, கதவத் தொறங்க," என்றிருக்கிறாள். டெய்லர் கழுத்து டேப்பைச் சரி செய்துகொண்டு, "பாரா? இது தையக் கடைம்மா. ஜாக்கெட்டு தைக்கணுமா?" என்றிருக்கிறார். புருஷனைத் தேடி வரும் மனைவிகளிடம் இன்னும் கறாராக இருக்க வேண்டுமென்பது முதலாளி உத்தரவு. அவள் சண்டை போடவில்லை. தன் போனை எடுத்துக் கணவர் நம்பரை அழுத்தினாள். டிராயருக்குள்ளிருந்து அவர்கள் மகள் குரல் கிளம்பியது: "அப்பா, போன எடு. அப்பா, போன எடு."

"உங்க மேஜைக்குள்ள கூப்பிடுறது என் புள்ள," என்றாள் அவள். டெய்லர் அசடு வழிய எழுந்து பொம்மையின் கையை இழுத்தார். வெளிப்பக்கத்தில் கதவுக்கு ஒரு குறையும் இல்லை.

அலமாரி திறந்தது. அவள் நேராக வந்து முகத்தை நீட்டினாள். அவர் ஊதினார். "இன்னொரு தடவ." ஊதினார்.

"பசி வாடதான் அடிக்குது," என்றாள். "கட்டிக் குடுத்த சாப்பாட்ட என்ன பண்ணீங்க?"

"பையிலயே இருக்கு."

டெய்லரின் பெஞ்சில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து கொடுத்தாள். இரண்டு வாய் உள்ளே போனதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா வீட்டுக்குப் போயிடுவன்னு நெனச்சேன்," என்றார்.

"போகத்தான் பைய எடுத்தேன். ஆனா பயமா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்களே. குடிச்ச காலத்துல ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?" அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "இனிமே எந்த பாருன்னு சொல்லிட்டுப் போங்க."

வீட்டு வாசலில் அவள் முகத்தை நீட்டாமல் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அவர் செருப்போடு வெளியே நின்றார். அவள் திரும்பிப் பார்த்ததும், அவராகவே ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்.