ஐ, கா, மா

தோளில் கிடக்கும் பையை இன்னும் இறக்கவில்லை. செல்லக்கிளி மொட்டை மாடியில் குத்தவைத்து உட்கார்ந்து, உடைந்த முகக்கண்ணாடித் துண்டு ஒன்றை விரற்கடை அளவு திருப்புகிறாள். கண்ணாடியில் பட்ட வெயில் எகிறிப் போய்க் கறுப்பு டின்னின் வயிற்றில் விழுகிறது. "ம், இப்பக் குடி" என்று டின்னிடம் சொல்கிறாள். அடுத்த துண்டையும் திருப்புகிறாள். அதற்கப்புறம்தான் பை, அப்புறம்தான் செருப்பு, அப்புறம்தான் தனக்கு ஒரு சொம்புத் தண்ணீர்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அவளுக்கு அறை கூட்டித் துடைக்கிற வேலை. விடியுமுன்னே போய், பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆனையூருக்குத் திரும்பிவிடுவாள். குடியிருப்பது மாடி வீடு, வாடகைக்கு. அதற்கும் மேலே மொட்டை மாடி. ஐப்பசி பிறந்தால் அங்கே மூன்று எண்ணெய் டின்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றுக்கும் கறுப்பு பெயிண்ட். ஒவ்வொன்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் இறக்கி, லாட்ஜில் கழற்றிப் போட்ட சன்னல் கண்ணாடியை மேலே சாத்தி வைத்திருக்கிறாள். மூன்று மணிக்குக் கை வைத்துப் பார்ப்பாள். கை பொறுக்காது. உடனே லாட்ஜில் கழித்துக்கட்டின கம்பளியைப் போர்த்தி, ஓரமெல்லாம் திணித்து விடுவாள். அன்று குளிக்கவும், பாத்திரம் கழுவவும், மறுநாள் காலையில் முகம் கழுவவும் அந்தச் சூடு தாங்கும். அதற்கு அடுப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

மதுரைப் பனியைப் பார்த்து மலைக்காரன் சிரிப்பான். ஆனால் அவள் வீட்டுக்காரன் சின்னானுக்கு அது சிரிப்பில்லை. மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் பதினாறு வருசம் தூசி தின்ற நெஞ்சு அது. இப்போது ஒரு பைக் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். மார்கழியில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டேதான் மூச்சு வாங்குவான். வெந்நீர் என்றால் நிம்மதியாகப் படுப்பான். கரண்டில் போடுகிற கம்பி ஹீட்டர் ஒன்றை அவன் வாங்கி வந்தபோது செல்லக்கிளி அதைத் தொடவேயில்லை. "வெயிலு சும்மா கெடந்து காயுது. அத விட்டுட்டு ஒயர்ல இருந்து சூட்ட வாங்கணுமாக்கும்?" என்றாள். அது இன்றைக்கும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.

சோறாக்குவதிலும் அவளுக்கு ஒரு வழி உண்டு. உலை கொதித்து அரிசி ஒரு புரளு புரண்டதும் அடுப்பை அணைத்துவிடுவாள். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிக்குள் பழைய சேலைகளை அடைத்து, பானையை மூடியோடு அதில் இறக்கி, மேலேயும் சேலையால் பொத்திவிடுவாள். ஒரு மணி நேரத்தில் சோறு தானே வெந்து, பொலபொலவென்று இருக்கும். யாராவது வந்து சமையல் ஆச்சா என்று கேட்டால், "சோத்தத் தூங்கப் போட்டிருக்கேன், எந்திரிக்கட்டும்" என்பாள். நான் முதல்முறை கேட்டபோது அவளுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

செல்லக்கிளி என் கூடப் பிறந்த தம்பியின் மூத்த மகள். எனக்கும் மகள்தான். என்னைப் பெற்றவள் கூடப் பிறந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள். அவர்கள் பெற்ற நாங்கள் வயலிலும் நின்றோம், கல்லிலும் நின்றோம். சின்னம்மா ஒருத்தி களத்துமேட்டு வெயிலில் சுருண்டு விழுந்து எழுந்திருக்கவே இல்லை. எங்கள் ஆட்களை வெயில் அம்புட்டு வேலை வாங்கியிருக்கிறது. அந்த வெயிலை உட்காரவைத்து வேலை வாங்கியவள் எங்கள் வம்சத்தில் இவள் ஒருத்திதான். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் போன வருசம் தென்மேற்கு மூலையில் மேலே ஓர் அறை எழுப்பிவிட்டார்கள். அதன் நிழல் மத்தியானத்துக்கு மேல் இந்த மாடியில் வந்து விழ ஆரம்பித்தது. செல்லக்கிளி சண்டைக்குப் போகவில்லை. ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டாள். மாதம் பிறந்த அன்று ரெண்டரை மணிக்கு நிழல் எங்கே நிற்கிறதோ அங்கே தரையில் ஒரு கோடு. கோட்டின் தலைமாட்டில் மாதத்தின் முதல் எழுத்து. மார்கழி வர வர நிழல் நீளும் இல்லையா, கோடும் தள்ளிப் போகும், டின்னும் கோட்டைத் தாண்டித் தள்ளிப் போகும். அவளுக்கு அது நாள்காட்டி. அந்தக் கோடுதான் அவள் குடியிருப்பையே ஆட்டி வைத்தது.

கீழ்வீட்டில் இருப்பவர் சோலையம்மாள், வீட்டுச் சொந்தக்காரர். உசிலம்பட்டிப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவர். மனசில் ஈரம் உள்ள மனுசி. மூட்டுவலியால் மாடி ஏறுவது அபூர்வம். மார்கழி முதல் வெள்ளி, வடகம் காயப்போட ஏறியிருக்கிறார். பார்த்தது என்ன? கறுப்பு டின் மூன்று. சுற்றி உடைந்த கண்ணாடி. தரையில் செந்நிறக் கோடுகள். கோட்டுத் தலையில் 'ஐ', 'கா', 'மா'. வடகத்தை அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டார். மூட்டுவலி அன்றைக்கு ஞாபகமே இல்லையாம்.

செய்வினை என்று முடிவு கட்டிவிட்டார். கேட்கிறவர்களுக்கு நானும் சொல்லிவிடுகிறேன், நாலு பேருக்கு அந்த மூன்று எழுத்தைத் தனியாகக் காட்டினால் மூன்று பேர் மந்திரம் என்றுதான் சொல்வார்கள். யாரிடமோ கேட்டுக்கொண்டு, அடுத்தடுத்த மூன்று செவ்வாய்க்கிழமையும் மாடிப்படியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று வைத்தார். மூன்று பழமும் மறுநாள் இல்லை. பழத்தையே விழுங்குகிற மந்திரக்கட்டு என்றால் சின்னக் கட்டா? 

உண்மை என்னவென்றால், படியில் கிடந்த பழத்தைக் கண்டதும் செல்லக்கிளிக்கு வீணாகிறதே என்றுதான் தோன்றியிருக்கிறது. கழுவி, சாறு பிழிந்து, தோலால் டின்னின் உள்பக்கம் துரு போகத் தேய்த்துவிட்டாள். "யாரோ கைதவறிப் போட்டுட்டுப் போயிருக்காக. நல்ல நாட்டுப்பழம் பெரியப்பா" என்று என்னிடமும் போனில் சொன்னாள்.

மூன்றாவது பழமும் போன நாலாம் நாள் சோலையம்மாள் படியடியில் மறித்து நின்றார்.

"ஏத்தா, தை பொறந்ததும் வீட்டக் காலி பண்ணிரு."

"என்னக்கா திடீர்னு? என்ன தப்புப் பண்ணுனேன்?"

"தப்பு என்னான்னு ஒனக்குந் தெரியும், எனக்குந் தெரியும், மேல இருக்கவனுக்குந் தெரியும்."

"மேல நாங்கதேனக்கா இருக்கோம்."

சோலையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் தூங்கப் போட்ட சோறு அன்று பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு டவுனில் வீடு கிடைப்பது லேசான காரியமா? பேரைக் கேட்பார்கள், சொந்த ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அப்புறம், 'எங்க சொந்தக்காரங்க வாராங்க' என்பார்கள். பத்து வாசல் ஏறி இறங்கி, பதினோராவதாக ஏறிய படி இது. சோலையம்மாள் ஒருத்திதான் எதையும் கேட்காமல் சாவியை எடுத்து நீட்டியவர். அதனால்தான் செல்லக்கிளிக்குக் கோபத்தைவிட வலி கூடுதல். இத்தனை வருசம் கழித்து இவரும் தெருவைக் கேட்டுவிட்டாரோ என்று நினைத்துவிட்டாள்.

சின்னான், "டின்ன வேணா எறக்கிருவோம். நான் பச்சத்தண்ணியில ஊத்திக்கிறேன்" என்றிருக்கிறான்.

"ஊத்திக்கிட்டு? ராவெல்லாம் விசிலடிக்கவா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் திருப்பப் போய்விட்டாள்.

சோலையம்மாளின் மகன் சூரியபிரகாஷ் கோயம்புத்தூரில் இருக்கிறான். மொட்டை மாடியில் சோலார் வைக்க ஏற்பாடு பண்ணி, அளவெடுக்க விக்ரம் என்ற பையனை அனுப்பியிருந்தான். மார்கழி கடைசி வாரத்தில் ஒரு நாள் பன்னிரண்டரைக்கு அந்தப் பையன் வந்தான். கூடவே சோலையம்மாளும் ஏறி, படிக்கட்டு வாசலைத் தாண்டாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்த டின்னெல்லாம் எடுக்கணும். இங்க சோலார் வரப்போகுது."

"அதுவும் சோலாருதேன் தம்பி."

பையன் சிரித்துவிட்டு டேப்பைப் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான். செல்லக்கிளி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, அங்க வைக்காதீக. ரெண்டரைக்கு நெழல் வந்துரும்."

"எங்கக்கா நெழல்? பளிச்சுன்னு அடிக்குது."

"இது பன்னெண்டரை வெயிலு. ரெண்டரை வெயிலு வேற ஆளு. கோட்டப் பாருங்க."

பையன் குனிந்தான். "என்னக்கா எழுதியிருக்கு? ஐ... கா... மா..."

"வாய்விட்டுப் படிக்காதப்பா!" என்று சோலையம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி" என்றாள் செல்லக்கிளி. "தையிக்குத்தேன் இன்னும் கோடு போடல. போடுறதுக்குள்ள அக்கா காலி பண்ணச் சொல்லிட்டாக."

பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. கூடல்நகரில் இன்னொரு வீட்டை அளந்துவிட்டு வருவதாகப் போனான். ரெண்டரைக்குத் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு அறையின் நிழல் அவன் போட்ட பெருக்கல் குறியை மூடி, 'மா' என்ற கோட்டின் மேல் கால்வைத்து நின்றது. ஒரு விரல் முன்னே இல்லை, ஒரு விரல் பின்னே இல்லை. பையன் ஷூவால் தன் குறியை அழித்தான். கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"நான் நின்ன நேரத்து வெயிலத்தான் பாத்தேன்க்கா. நீங்க வருசத்தையே பாத்திருக்கீங்க. மார்கழிக்கு மேல இந்த நெழல் தாண்டாதுல்ல?"

"தாண்டாது. தையிலருந்து திரும்பிப் போயிரும்."

"அப்ப கோட்டுக்கு அங்கிட்டுப் பேனல். பேனலுக்கு முன்னாடி துடைக்கிறதுக்கு நடக்க இடம் விடுவோம். அதுல உங்க டின்னு நிக்கலாம். வீட்டுக்கார அம்மா சரின்னா."

வீட்டுக்கார அம்மா நிலையை விட்டு மெல்ல வெளியே வந்தார். "அப்ப இந்தக் கண்ணாடி எதுக்கு?"

"டின்னுக்கு வெயில் காட்டக்கா."

"கறுப்பு?"

"கறுப்புதேன் சூட்டக் குடிக்கும்."

"படியில கெடந்த பழம்?"

"அது ஒங்களுதாக்கா? எனக்குத் தெரியாதே! நல்ல சாறு."

சோலையம்மாள் முகம் என்னவோ போலாகி இறங்கிப் போனார். காலி பண்ணு என்ற பேச்சு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 'நீயே போய்க் கேளேன்' என்று போனில் சொன்னேன். மறுத்துவிட்டாள். "நான் கேட்டா எரக்கப்பட்டு இருக்கச் சொன்ன மாதிரி ஆயிரும் பெரியப்பா. அவுகளாத் தெரிஞ்சு சொல்லட்டும்." சின்னான் மட்டும் சாமான்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தான்.

மார்கழி கடைசி நாள், பொங்கல் சீரோடு நான் போய் இறங்கினேன். கரும்பையும் பச்சரிசியையும் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பார்த்தால், உள்ளே நாலு சாக்கு மூட்டை. செல்லக்கிளி மாடியில் இருந்தாள். நானும் சின்னானும் ஏறினோம்.

எங்கள் பக்கம் அன்றைக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து முடிந்த கொத்து. வீட்டு மூலைக்கெல்லாம் கட்டுவார்கள், மாட்டுத்தொழுவம், வண்டி, கிணறு, மோட்டாருக்கும் கட்டுவார்கள். அந்த வீட்டைச் சேர்ந்தது எதுவோ அதற்குத்தான் காப்பு. சேராததற்குக் கட்டமாட்டார்கள்.

சோலையம்மாள் கை நிறையக் கொத்தோடு படியேறி வந்தார். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, இப்பத்தேன் வாரீகளா" என்றார். படிக்கட்டு அறையின் கதவில் ஒன்று கட்டினார். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒன்று. பிறகு அந்தக் கோடுகளைப் பார்த்தார். மிதிக்காமல் சேலையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நடு டின் இருந்த பெட்டியின் தெற்குச் சட்டத்தில் கடைசிக் கொத்தைச் சணல் போட்டு இறுக்கி முடிந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "தையிக்குக் கோடு போட மறந்துராத" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சின்னான் மூட்டையை அவிழ்க்கக் கீழே ஓடினான். செல்லக்கிளி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூளைப்பூவின் நிழல் கண்ணாடி மேல் இரண்டு விரல் அகலத்துக்கு விழுந்திருந்தது. உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள், கொத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், வடக்குச் சட்டத்துக்கு மாற்றிக் கட்டினாள்.