சந்தனப் புடவையில் பூனை ரத்தம்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பூனைக்கு இருந்த மரியாதை மருமகளுக்கு இருந்ததில்லை. வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தறியில் ஏற்றக் கஞ்சி போட்ட பட்டுப் பாவு நூலை எலி கடித்துவிட்டால் அந்தப் புடவை தொலைந்தது. அதனால் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் பால் வந்ததும் முதலில் பூனைக்கு ஊற்றுவார்கள். மிச்சமிருந்தால் எனக்குக் காப்பி.

கூரம் கிராமத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அந்தப் பூனை இளைக்க ஆரம்பித்தது. சாம்பல் நிறப் பெட்டை. ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. எலி பக்கத்தில் ஓடினாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். சோற்றை விட்டுவிட்டு மண் சுவரை நக்கும். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. பகலில் தறிக்குக் கீழே, நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் குழியில் கிடக்கும். ராத்திரியில் நெய்த புடவையைச் சுருட்டி வைக்கும் படைமரத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் தடவலாமே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எண்ணெய்ப் பூனை பட்டில் உரசினால் கறையை எடுக்க உங்க அப்பனா வருவான் என்று மாமியார் கேட்டார். பட்டு நெய்கிற வீட்டில் எண்ணெய்தான் முதல் எதிரி. தெள்ளுப்பூச்சி அப்புறம்தான்.

நவராத்திரிக்கு அம்மனுக்குச் சாத்த ஒரு சந்தன நிறப் புடவை அப்போது தறியில் இருந்தது. என் வீட்டுக்காரர் நெய்வார், நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மாமியாரிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பூனைப் பாலில் எனக்கும் பங்கு கிடைத்தது.

அது சில நாள்தான். ஒருநாள் காலையில் நெய்த பகுதியின் மேல் மிளகுப்பொடி தூவினதுபோல் கறுப்பாக ஏதோ கிடந்தது. அழுக்கு என்று நினைத்து மாமியார் ஈரத்துணியால் ஒற்றினார். கறுப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. சந்தன நிறத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம். அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான். மாசத் தீட்டில் தூரமானவள் தறிப்பக்கமே வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம், அதிலும் அம்மன் புடவை.

"முழுகாம இருக்கேன்னு சொல்லிக்கினு தூரத்தோட வந்து ஒக்காந்தியா? எங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு அம்மன் கண்ணுலயும் தூவினியா?" என்றார் மாமியார்.

சத்தியம் செய்தேன். வாந்தி எடுத்துக் காட்டினேன். அது பித்தம் என்றார். பின்கட்டில் கக்கூசுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு என்னை உட்காரவைத்தார். விடியும் முன்பே தலைக்குப் பச்சைத் தண்ணீர். சோற்றைத் தூரத்திலிருந்து தட்டில் தள்ளுவார். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பொய்க்காரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தறிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்டி, கறையை அலசி, நெசவைத் தொடர்ந்தார்கள். என் வீட்டுக்காரரிடம் அழுதேன். அம்மா சும்மா சொல்வாங்களா என்றார்.

பூனை எழுந்து நிற்க முடியாமல் போனதும்தான் அவருக்குப் பதறியது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், கூடையைப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்குப் பொய்த் தீட்டு கழித்து உள்ளே விட்டிருந்தார்கள். சைக்கிள் கேரியரில் கூடையோடு உட்கார்ந்து போனேன்.

டாக்டர் பூனையின் உதட்டை விலக்கிப் பார்த்தார், கண்ணின் மஞ்சளைப் பார்த்தார். தெள்ளு கடிக்கும்போது ஒரு கிருமி ஏறியிருக்கும், அது ரத்தத்தை உள்ளேயே உடைக்கிறது என்றார். பிறகு முதுகு மயிரைப் பிரித்து, அடியிலிருந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் ஒற்றி எங்களிடம் நீட்டினார். பஞ்சு சிவந்தது. இதெல்லாம் பூனையோட ரத்தம்தான், தெள்ளு குடிச்சுட்டுப் பீயாப் போட்டிருக்குது என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஊசி போட்டார். நாளைக்கும் கொண்டுவரச் சொன்னார், தறிக் குழிக்கு மருந்துப்பொடி போடச் சொன்னார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போனதும் இவர் தன் வாயால் சொல்லிவிடுவார், தெருவே கேட்கும் என்று நினைத்தேன். சைக்கிள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, செவிலிமேட்டுப் பக்கம் போனது. பாலாற்று மணலில் நிறுத்திவிட்டுக் கூடையை வாங்கினார்.

"தீட்டுன்னா தலைக்கு ஊத்திக்கினா தீர்ந்துது. பூனைத் தெள்ளோட பீன்னு தெரிஞ்சா அம்மன் புடவையை எவன் வாங்குவான்? தறியே நின்னுடும். நீ வாயைத் தொறக்காத."

கூடையைக் கவிழ்த்தார். பூனை விழுந்த இடத்திலேயே கிடந்து மணலை நக்கியது. ஊசி போட்ட இடத்தில் மயிர் இன்னும் ஈரமாக இருந்தது. அங்கேயே அவரை வெறுத்தேன். வழியிலேயே செத்துப்போச்சு என்று வீட்டில் சொன்னார். செத்ததைத் தொட்டவள் என்று மாமியார் என்னை மறுபடியும் குளிக்கச் சொன்னார். பொடி போட்டால் கேள்வி வரும் என்று குழிக்கு எதுவும் போடவில்லை. பூனை இல்லாத தெள்ளு, குழியில் தொங்கும் என் வீட்டுக்காரர் காலைப் பிடுங்கியது. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார். நான் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்குவேன்.

என் கணக்குப்படியே பெண் பிறந்தாள், கொழுகொழுவென்று. கறை பட்ட நாளைத் தூரம் என்று வைத்து எண்ணிய மாமியார் கணக்கில் ஒரு மாசம் குறைந்தது. தான் சொன்னது தப்பு என்று அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? எட்டு மாசத்துப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார். எட்டில் பிறந்தது தங்காது என்று எங்கள் பக்கம் பயம். அதனால் என் பெண்ணை யாரும் ஆசையாகத் தூக்கவில்லை. ஒவ்வொரு முறை அந்தப் பேச்சு வரும்போதும் தறிப்பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அவர் குனிந்து நெய்துகொண்டிருப்பார்.

பள்ளிக்கூடம் போகிற வயசில் அவளுக்கு விடாமல் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, பிறந்தபோது எப்படியிருந்தாள் என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எட்டு மாசத்துலயே பொறந்துட்டாம்மா. அதான் ஒடம்புக்கு வந்துக்கினே இருக்குது."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். அது அப்படி இல்லை. பெண்ணின் தலையைத் தடவியபடி, மனசாரக் கவலைப்பட்டுக்கொண்டு சொன்னார். மாட்டாஸ்பத்திரியில் அந்தப் பஞ்சு சிவந்ததைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர். இனிமேல் நான் ஒருத்திதான்.