வெறுமையாகப் போன வாக்குச்சீட்டு

ஓரின் ஹாவ்லிக் மில்வாக்கியில் எங்கள் நாளிதழுக்கு முப்பத்தெட்டு வருடம் பேஸ்பால் பற்றி எழுதினார். அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவள் நான். அவர் எழுதியதில் பாதியை வெட்டியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தை மட்டும் தொடவில்லை. ஒரு ஜூலைப் பிற்பகலில் உள்ளூர் அணியின் லாமார் மேப்ரி, பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டு அடித்த ஹோம் ரன்னைப் பற்றி, 'பந்து இன்னும் கீழே வரவில்லை' என்று எழுதியிருந்தார். ஊரே அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது. நானும் அன்று மைதானத்தில் இருந்தேன். பந்து ஏறியது, ஏறிக்கொண்டே போனது, ஏரிப்பக்கத்து வெளிச்சத்தில் கரைந்தது. வாயைப் பிளந்தபடி எல்லோரும் நின்றோம். கண்ணை மூடினால் இப்போதும் அது மேலேதான் இருக்கிறது.

அதே கோடையில் அணியின் சீருடைகளைக் கவனிக்கும் ஸ்டான் ஓரினிடம் புலம்பினார். "மேப்ரிக்கு ரெண்டு சைஸ் பெரிய தொப்பி வேணுமாம். முப்பத்திரண்டு வயசுல எவனுக்காவது மண்டை வளருமாய்யா?"

சில ஊக்க மருந்துகள் மண்டையைப் பெரிதாக்கும். அதுதான் என்று ஓரினுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எழுதவில்லை, மேப்ரியிடம் கேட்கவும் இல்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. ஆனால் நானும் அந்தத் துண்டை ஃபிரிட்ஜில் ஒட்டியவள்தானே.

அந்நாளில் சோதனையே கிடையாது. அதனால் சந்தேகம் சந்தேகமாகவே நின்றது. மேப்ரி ஓய்வு பெற்ற பிறகு அவர் பெயர், பேஸ்பாலின் மிகப் பெரிய கௌரவமான புகழ் மண்டபத்துக்கான வாக்குச்சீட்டில் வந்தது. மூத்த பேஸ்பால் நிருபர்கள்தான் வாக்களிப்பார்கள். நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். பத்து வருடத்துக்குள் கிடைக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஒன்பது டிசம்பர்களில் ஓரின் மற்றவர்களுக்கு டிக் போட்டுவிட்டு மேப்ரியின் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

பத்தாவது டிசம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வழக்கம்போல் பொரித்த மீன் சாப்பிடப் போயிருந்தோம். கண்ணாடிக்கு வெளியே பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"சீட்டை அனுப்பிட்டேன் நோரீன். யாருக்கும் டிக் போடலை. கையெழுத்து மட்டும்தான். அவனுக்கு நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம். நான் ஒதுங்கிட்டேன்."

"ஒதுங்கணும்னா அனுப்பாம இருக்கணும். கையெழுத்துப் போட்டு வெறும் சீட்டு அனுப்பினா அதையும் சேர்த்துத்தான் எண்ணுவாங்க. எல்லாருக்கும் வேணாம்னு சொன்ன கணக்கு அது."

"சும்மா பயமுறுத்தாத."

"முப்பது வருஷமா ஓட்டுப் போடுறீங்க, விதியைப் படிச்சதே இல்லையா?"

படித்ததில்லை. ஒருமுறைகூட வெறுமையாக அனுப்பியிராதவருக்கு அதைப் படிக்க அவசியம் வரவில்லை. அன்று மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஜனவரியில் முடிவு வந்தபோது என் சமையலறையில் இருந்தோம். மொத்தம் நானூற்றொரு சீட்டுகள், அதில் மேப்ரிக்கு முந்நூறு. ஓரினின் சீட்டு போகாமல் இருந்திருந்தால் நானூற்றுக்கு முந்நூறு, சரியாக முக்கால் பங்கு. ஓரின் அந்த எண்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாவமாக இருந்தது.

பிறகு அவரே மேப்ரியை ஃபோனில் கூப்பிட்டார். நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். வெறும் சீட்டை அனுப்பியது தான்தான் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"லாமார், இருபது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன்…"

"தொப்பி விஷயம்தானே?" மேப்ரியின் குரலில் கோபமே இல்லை, தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. "ஸ்டான் உங்ககிட்ட சொன்னது எனக்குத் தெரியும். அந்தக் கோடை முழுக்க, ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்புற வரைக்கும் டிரெஸ் மாத்துற ரூம்ல என் லாக்கர் முன்னாடி உக்காந்திருப்பேன், நீங்க கேப்பீங்கன்னு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அன்னைக்கே நிறுத்தியும் இருப்பேன்."

ஓரின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்க தினமும் வந்தீங்க, ஹாவ்லிக். பந்து எப்படிப் பறந்துச்சுன்னு மட்டும்தான் கேட்டீங்க."