மணிக்கூண்டு இருபத்தேழு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே தினம் ஆறு நடை அடித்த கண்டக்டர் சவுரிராயன் அண்ணனுக்குத் தொண்டைதான் சொத்து. "முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனோம்!" என்று அவர் புது பஸ் ஸ்டாண்டில் குரல் கொடுத்தால், எதிர்சந்தில் இருந்த என் பிரவுசிங் சென்டரின் கண்ணாடிக் கதவு அதிரும். அப்பேர்ப்பட்ட மனிதர் என் கடையில் இரண்டு வருடம் கிசுகிசுத்தே பேர் வாங்கினார் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கடை திறந்தது 2003இல். எட்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கும் ஸ்பீக்கர் கிடையாது. காரணம், மாடியில் ஒரு பிரசவ கிளினிக். கீழே சத்தம் கேட்டால் காலி பண்ண வேண்டியதுதான் என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாடி நர்ஸ் லூர்துமேரி அக்காவுக்குப் பாம்புக் காது. எவனாவது பலமாகத் தும்மினால்கூடப் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அதனால் வாயில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்று அதட்டுவதே என் முழுநேர வேலையாகிப்போனது.

சவுரி அண்ணன் வளவனூர்ப் பக்கம். பத்தாவது முடித்து, அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போய், பிறகு கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தவர். தங்கச்சியின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கத்தான் முதலில் வந்தார். ரிசல்ட் திறக்க அரைமணி நேரம் ஆனது. அதற்குள் பக்கத்து சீட்டில் ஒருவன் ஆடிக்கொண்டிருந்த 'கிரே கோட்' அவரைப் பிடித்துக்கொண்டது.

சாம்பல் கோட்டு போட்ட ஒற்றன் ஒருவன் காவலாளிகள் கண்ணில் படாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். மூன்று பாகம், முப்பத்தொரு மிஷன். டிக்கெட் எடுக்காதவன் கூட்டத்தில் எப்படியெல்லாம் நழுவுவான் என்று தினமும் பார்க்கிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? ஒரே மாதத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பதினொன்றரைக்கு வண்டி வந்து நின்றால் முக்கால் மணி நேரம் ஓய்வு. டிரைவர் சாப்பிடப் போவார், இவர் கோட்டு மாட்டப் போவார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு மணிக்கூண்டு மிஷன் உண்டு. படியில் இரண்டு காவலாளிகள் எதிரெதிரே நின்று இரண்டு நிமிடம் வாயசைப்பார்கள். அதுவரை நாம் மணிக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் சவுரி அண்ணன் குரலைத் தாழ்த்தி அவர்களுக்குப் பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, பொண்ணுக்குக் காது குத்தறேங்க. ரெண்டு நாளு லீவு குடுங்க."

"போன மாசம்தானேடா மாமியா செத்துட்டான்னு லீவு வாங்கின?"

"அது பெரிய மாமியாங்க."

சத்தம் வராமல் சிரிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. லீவு கேட்ட காவலாளிக்கு முத்துசாமி என்று பேரும் வைத்தார். மறுநாள் அதே இடம், வேறு பேச்சு. முத்துசாமிக்கு மட்டும் லீவு கிடைத்தபாடில்லை. பதினொன்றரைக்கு என் கடையில் நிற்க இடமிருக்காது. பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துகிற மனிதர் சொல்வதை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை. இங்கே பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அந்தப் பத்துப் பேர் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எந்த மிஷன் உசத்தி என்று பட்டியல் போட்டபோது, யோசிக்காமல் மணிக்கூண்டை முதலில் எழுதினோம். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

திண்டிவனத்தில் பிரான்சிஸ் என்பவர் ஒரு சென்டர் வைத்திருந்தார். ஆளுயர ஸ்பீக்கர் வைத்த கடை. அந்தப் பசங்களும் கிரே கோட் வெறியர்கள். அவர்கள் பட்டியலில் ஹார்பர் மிஷன் முதலாவது, மணிக்கூண்டு இருபத்தேழாவது! இரண்டு ஊருக்கும் சவுரி அண்ணனே தபால்காரர். காலையில் எங்கள் சீட்டு போகும்: 'ஹார்பரில் நீந்துவதைத் தவிர என்ன இருக்கிறது? மீன் பிடிக்கவா போனான்?' மத்தியானம் பதில் வரும்: 'மணிக்கூண்டில் ஒளிந்துகொண்டு தூங்கத்தான் முடியும்.' எந்தச் சீட்டையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை. டிக்கெட் பைக்குள் போனால் போனதுதான்.

2005 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஞ்சாயத்து வைத்தோம். சவுரி அண்ணன் மாட்டாமல் மணிக்கூண்டை முடித்தால் எங்கள் பட்டியல்தான் செல்லும். மாட்டினால் அவர்கள் பட்டியல். அதோடு பத்து நாள், இரண்டு பஸ் ஸ்டாண்டிலும் ஊர்ப்பேர் கூவி முடித்ததும் 'மணிக்கூண்டு இருபத்தேழு' என்று சேர்த்துக் கூவ வேண்டும். அவர் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டே முடிக்கிறவருக்கு என்ன பயம்?

காதை மூடியிருக்க வேண்டும். முதலில் ஆளுயர ஸ்பீக்கரில் மணிக்கூண்டு வாசல் நாய் குரைத்தது. இரண்டு வருடமாக வாலாட்டி மட்டுமே பார்த்த நாய்! அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். எப்படியோ சமாளித்து மணிக்குப் பின்னால் போய் ஒளிந்தார். முத்துசாமி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். அண்ணன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அது ஆடுவதை நூறு தடவை பார்த்திருக்கிறோம். அடிக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. மவுஸ் ஒரு பக்கம் பறந்தது, கோட்டுக்காரன் படியில் உருண்டு முத்துசாமி காலடியிலேயே போய் விழுந்தான்.

திண்டிவனத்துப் பசங்கள் விசிலடித்து அடங்கியதும் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "பிரான்சிஸு, அவங்க ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினாங்க?"

"'சத்தம் கேட்டுச்சா'ன்றான் ஒருத்தன். 'எலியா இருக்கும்'ன்றான் இன்னொருத்தன். அதையேதான் திருப்பித் திருப்பிப் பேசுவானுங்க."

"லீவு கேக்கலியா?"

"எந்த லீவு?"

"அவன் பொண்ணுக்குக் காதுகுத்துப்பா. ரெண்டு வருசமா லீவு கேட்டுக்கினு கீறான்."

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டார்: "வெறும் எலிதானா பார்த்திபா?" எனக்கு அந்த எலி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

திங்கட்கிழமை தண்டனை ஆரம்பித்தது. "கூட்டேரிப்பட்டு, திண்டிவனோம், மணிக்கூண்டு இருபத்தேழு!" சொன்ன சொல் தவறாமல், தொண்டையைக் குறைக்காமல் கூவினார். ஒரு பாட்டி ஏறி மணிக்கூண்டுக்கு டிக்கெட் கேட்டு, அந்த வழியில் அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லை என்றதும் சண்டை பிடித்தாராம். ஆனால் என் கடைக்குள் வந்தால் அண்ணன் ஓர் ஓரமாகப் பேப்பர் படித்தார். மவுஸைத் தொடவில்லை. பசங்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "அது பொய்ப்பா. நானா வுட்ட கதை," என்று சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு வந்த கூட்டம் கலைந்தது.

ஐந்தாம் நாள், "பிரான்சிஸ் குடுத்தான்" என்று பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். இன்னும் என்ன நக்கல் பாக்கி என்று எரிச்சலோடு பிரித்தேன். படித்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

'நேற்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மணிக்கூண்டு ஆடிப் பார்த்தோம். அந்த இரண்டு பேரும் வாயசைக்கிறார்கள். லீவு கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் பசங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவன் பேசிப் பார்த்தான், எடுபடவில்லை. ஒன்றே காலுக்கு வண்டி இங்கே நிற்கும்போது கண்டக்டரைக் கடைக்கு அனுப்பவும். ஸ்பீக்கர் போடமாட்டோம். எங்கள் பட்டியலைத் திருத்திவிட்டோம். மணிக்கூண்டு ஒன்று.'

அண்ணன் இரண்டு முறை படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு இரண்டு வருடமாக என் கடைக்குள் அடக்கி வைத்திருந்த தொண்டையை மொத்தமாகத் திறந்தார்.

"மணிக்கூண்டு ஒண்ணேய்!"

மாடியில் இரண்டு குழந்தைகள் வீறிட்டன. படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரை முதுகில் கை வைத்துப் பின்வாசல் பக்கம் தள்ளினேன். "வண்டி கெளம்பிடும், ஜல்தி போண்ணா. முத்துசாமிக்கு இன்னிக்காச்சும் லீவு குடுத்துடு."

லூர்துமேரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "எவன்டா அது கத்துனது?"

"நான்தாங்க்கா," என்றேன்.