கயிற்றை விடாத மனிதர்

கொழும்புப் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. பருத்தித்துறைக் கடற்கரையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறேன். கோடையில் சைப்ரஸ் தீவுக்குப் போய், பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கப் பழகுவதாகத் திட்டம். பயிற்சிப் பள்ளி அனுப்பிய முதல் பாடத்தை வாசிக்கிறேன்: பட்டம் உங்களைத் தூக்கினால் உடனே விட்டுவிடுங்கள்.

எதிரே ஆறு பேர் வரிசையாக நின்று, அறைக் கதவைவிடப் பெரிய பட்டமொன்றை நைலோன் கயிற்றில் ஏற்றுகிறார்கள். அதன் தலையில் கட்டிய விண் என்னும் நார்வில் காற்றில் கூவுகிறது. திடீரென்று வாடைக்காற்று வலுக்கிறது.

"விடுங்கோ! எல்லாரும் விடுங்கோ!" பின்னால் நிற்கும் ஒருவர் கத்துகிறார்.

பின்னால் நின்ற ஐந்து பேரும் விட்டுவிடுகிறார்கள். முன்னால் நிற்பவர் விடவில்லை.

அவருடைய கால்கள் மணலை விட்டு எழும்புகின்றன. தென்னை உயரத்தில், இடுப்பில் கட்டிய சாரம் படபடக்க, ஒரு மனிதர் தொங்குகிறார்.

காற்றுத் தணிகிறது. பட்டம் தாழ, அவர் கரையோரத் தண்ணீரில் வந்து விழுகிறார். முதலில் ஓடிச் சேர்வது நான்தான். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிகிறது. கயிறு இன்னும் அந்தக் கையில்தான் இருக்கிறது.

"ஏன் அண்ணை விடேல்லை?" கேட்கிறேன்.

நான் கேட்டதே விளங்காதவர்போல் பார்க்கிறார். "விட்டா பட்டம் போயிடுமெல்லே, தம்பி. கை எரியுது. இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடியுங்கோ."

வாங்குகிறேன். மேலே மறுபடி விண் கூவுகிறது. கயிறு என்னை இழுக்கிறது. என் விரல்கள் இறுகுகின்றன.